கட்டி முடியாத வீடும் கொடுத்த வாக்கும்



ஏற்காட்டு மலையின் உச்சியில், குகைக்குள் அமைந்தது சேர்வராயன் கோயில். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலையூர் மக்கள் திரண்டு அங்கு விழா எடுக்கின்றனர். அக்கோடையில் மலையேறி வருவோருள் வீடு தேடுவோரும் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடிவரும் பெற்றோர்க்கு அதற்குள் வீடு அமைய வேண்டும். கட்டுவோர்க்கோ, முடிந்த வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடத்தல் ஆகாது. ஆகவே, பூச்சு முடியாத சுவரிலேயே ‘வீடு வாடகைக்கு’ என்னும் பலகை ஏறுகிறது.

இது பொய்யாகுமா? தத்துவார்த்த சூத்திரத்திற்குப் பூச்சியபாதர் வரைந்த சர்வார்த்தசித்தி உரையில், நைகம நயத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விறகும் நீரும் சேர்ப்பவனை ‘என்ன செய்கிறாய்?’ என வினவினால், ‘சோறு சமைக்கிறேன்’ என்கிறான். அரிசி இன்னும் உலையேறவில்லை. எனினும் அது பொய்யன்று. கருதிய செயலை நோக்கிய சொல் அது. செங்கல் அடுக்குபவர் அதனை ‘வீடு’ என்பதும் அத்தகையதே.

ஆயினும், பசித்து வந்தவரை இலைமுன் அமர்த்திவிட்டு அதே விடையைக் கூறலாமா? அங்கு வேண்டுவது நிகழ்காலத்தை மட்டும் நோக்கும் ருஜுசூத்திர நயம். குடிவருபவர் பழைய வீட்டைக் காலி செய்ய நாள் குறிக்கிறார். மின் இணைப்பு வந்ததா, குடிநீர் எங்கிருந்து வரும், பூச்சு உலர்ந்ததா என்பனவே அவருக்குத் தேவை. சிமெண்டும் கம்பியும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். மழை பிடித்தால் சுவர் உலரவும் நாளாகும். இவற்றை அறிந்திருந்தும் ‘ஜூன் முதல் தேதி சாவி’ என்று உறுதி கூறுவது வஞ்சனை.

அடுத்தது முன்பணம். வீடு வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்குமாறு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பணிக்கிறது. வாடகைக்கு வருவோர்க்கு அக்காப்பு இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வேண்டுகிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது என்கிறது. அம்முன்பணத்தையே கட்டுமானத்திற்குச் செலவிட்டால், நாள் தவறும்போது திருப்பித் தர என்ன இருக்கும்?

சட்டம் நிற்கும் இடத்தில் விரதம் தொடங்குகிறது. வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் பொய்யாக எழுதுதலாகிய கூடலேகக் கிரியையும், அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாசாபகாரமும் உள்ளன. பின்னதைக் களவின்கீழ் வைக்காமல் வாய்மையின்கீழ் வைத்தது எண்ணத்தக்கது. நம்பிக் கொடுத்த பொருள் முதலில் பறிபோவது சொல்லால்தான்.

ஆதலின், வீடு கட்டும் சிராவகர் பலகையில் ‘கட்டுமானத்தில் உள்ளது’ என்று எழுதுக. படத்தைக் காட்டாது, உள்ள நிலையையே காட்டுக. மழைக்கும் இடம்விட்டு நாள் குறிக்க. முன்பணத்தைத் தொடாது வைத்து, நாள் தவறின் கேட்கும் முன்னரே திருப்பித் தருக. வாடகை ஒரு மாதம் குறையலாம், விரதம் குறைவுபடாது.

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!