தரையைப் பாருங்கள்!



"280 குதிரைத்திறன் டிப்பருக்கு எந்த டிஃபரன்ஷியல் சார் நல்லது?" என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் முறுக்குவிசையைச் சமமாகத்தான் பிரிக்கும். ஒன்று சேற்றில் வழுக்கினால் மற்றதுக்கும் அதே சொற்ப விசைதான். எஞ்சின் எவ்வளவு பெருசா இருந்து என்ன பிரயோஜனம்?

லிமிடெட் ஸ்லிப் வகை, பிடிப்புள்ள சக்கரத்துக்கு ரெண்டு மூணு மடங்கு விசை தரும். ஈரமான சாலைக்கு அது போதும். ஆனா, பல்சக்கரத்தால் இயங்கும் வகையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே!

ஆகவே கல்குவாரிக்கு லாக்தான் சரி. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். ஆபத்தும் அங்கேதான் இருக்கு. பிடிப்புள்ள பக்கத்து ஆக்சில் ஷாஃப்ட் மொத்த விசையையும் தனியாகத் தாங்கணும். எஞ்சின் வலு கூடக் கூட, அது முறியும் வாய்ப்பும் கூடும். தார்ச்சாலை வளைவில் லாக்கை எடுக்காவிட்டால் டயர் தேயும். வண்டியும் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். மலைப்பாதையில் அது உயிருக்கே உலை வைக்கும்.

எனவே குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. வண்டி ஓடுற தரையைப் பாருங்க. டிரைவரையும் கேளுங்க. சேற்றில் இறங்குமுன் நிறுத்தி லாக் போடவும், தார்ச்சாலை ஏறியதும் எடுக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுங்க.