இரு பேறுகளுக்கு இடைப்பட்ட காலம்



நமது நாட்டில் குடும்ப நலத் திட்டம் என்றதும் எத்தனை குழந்தைகள் என்ற எண்ணிக்கையே முதலில் நினைவுக்கு வருகிறது. 1952-ஆம் ஆண்டு அரசு இத்திட்டத்தைத் தொடங்கிய நாள்தொட்டு அதன் கணக்குகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைந்து வந்துள்ளன. ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையே எவ்வளவு காலம் என்ற கேள்வி அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. குழந்தை நிறைமாதத்தில் பிறக்கிறதா, போதிய எடையுடன் பிறக்கிறதா என்பவை இக்கேள்வியோடு தொடர்புடையவை.

முதலில் அளவையைப் பற்றி ஒரு சொல். இடைவெளி என்பதை இருவகையாகக் கணக்கிடலாம். ஒரு பிறப்பிலிருந்து அடுத்த பிறப்பு வரை எண்ணுவது ஒருவகை. ஒரு பிறப்பிலிருந்து அடுத்த கருத்தரிப்பு வரை எண்ணுவது மற்றொன்று. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்பது மாத வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய வல்லுநர் கூட்டம், குழந்தை பிறந்து 24 மாதங்களேனும் கழிந்த பின்னரே அடுத்த கருத்தரிப்புக்கு முயல வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பிறப்புக்குப் பிறப்பு எனப் பார்த்தால் இது 33 மாதங்கள். நமது தேசியக் குடும்ப நல ஆய்வின் அட்டவணைகளோ பிறப்புக்குப் பிறப்பையே எண்ணுகின்றன. அவற்றில் 24 மாதம் என்று கண்டவுடன் பரிந்துரை நிறைவேறிவிட்டதாகக் குறிப்பெழுதுதல் தவறு. அந்தத் தாய் பதினைந்தாம் மாதத்திலேயே மீண்டும் கருவுற்றிருக்கிறாள்.

குறுகிய இடைவெளியால் விளையும் தீமை எவ்வளவு? 67 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2006-இல் வெளியாயிற்று. 18 முதல் 23 மாதங்கள் கழித்துக் கருவுற்றோருடன் ஒப்பிடுகையில், 6 மாதங்களுக்குள் கருவுற்றோரிடையே குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு விகிதம் 1.40 ஆகவும், எடைக்குறைவான குழந்தை பிறப்பதற்கான விகிதம் 1.61 ஆகவும் இருந்தன. இடைவெளி 59 மாதங்களுக்கு மேல் நீண்டாலும் தீங்கு கூடுவதையே அக்கட்டுரை காட்டிற்று. இதைப் பலர் கவனிப்பதில்லை.

காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், தாயின் உடலிலுள்ள சேமிப்பு கரைவதே முக்கியமானதாகக் கூறப்படுகிறது. ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஃபோலேட் சத்தும் கர்ப்பத்தின் இறுதியிலும் பாலூட்டும் காலத்திலும் குறைகிறது. 2019-21 ஆய்வின்படி நமது கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். வங்கியில் பணம் போடாமலே மீண்டும் மீண்டும் காசோலை எழுதுவதைப் போன்ற நிலை இது.

ஆயினும் பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. குறுகிய இடைவெளி பெரும்பாலும் வறுமையோடும் இளவயதுத் திருமணத்தோடும் சேர்ந்தே வருகிறது; எது காரணம், எது உடன்வருவது என்று பிரித்தறிதல் எளிதன்று. மேலும், கைக்குழந்தை இறந்துவிட்டால் பாலூட்டுதல் நின்று, தாய் விரைவில் மீண்டும் கருவுறுகிறாள். அங்கே இறப்புதான் முந்தியது. இடைவெளி அதன் விளைவு. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரே தாயின் பேறுகளைத் தமக்குள் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வில், குறுகிய இடைவெளிக்கும் குறைப்பிரசவத்துக்குமான தொடர்பு மிகவும் தளர்ந்துவிட்டது. ஆனால் நன்கு உண்ணும் தாய்மாரின் நாட்டில் கண்ட முடிவை, இரத்தசோகை மிகுந்த நாட்டுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்பதற்கில்லை. தீமையின் அளவைக் குறைத்து மதிப்பிட்டாலும், முதற்குழந்தை தாய்ப்பாலை முன்னதாகவே இழக்கக்கூடும் என்ற கவலை எஞ்சி நிற்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2019-21 ஆய்வின்படி அங்கே மொத்தக் கருவள விகிதம் 1.7. பாராட்டுக்குரிய எண்தான். ஆனால் மணமான பெண்களில் 69.6 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை ஆகிய தற்காலிக முறைகள் அனைத்தும் சேர்ந்து ஒரு விழுக்காட்டளவே. 20-24 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். இளவயதில் திருமணம், இரு குழந்தைகள், பின் அறுவை என்ற வரிசையில் இடைவெளி விடுவதற்கான சாதனத்துக்கு இடமேயில்லை. எண்ணிக்கை குறைந்ததனால் இடைவெளி நீண்டிருக்கும் எனக் கொள்ள முடியாது.

அரசு இதை உணராமல் இல்லை. திருமணத்துக்குப்பின் முதற்பேற்றை இரண்டாண்டுகள் தள்ளிப்போடச் செய்தால் 500 ரூபாயும், அடுத்த பேற்றுக்கு மூன்றாண்டு இடைவெளி விடச் செய்தால் 500 ரூபாயும் ஆஷா பணியாளருக்கு வழங்கும் ஏற்பாடு 2012-இல் வந்தது. ஊசிமருந்தான அந்தராவும், லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சாயா மாத்திரையும் 2017 முதல் அரசுத் திட்டத்தின் வழியே அளிக்கப்படுகின்றன. ஹார்மோன் கலவாத சாயாவைப் பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம்.

குறை, நாம் தாயைச் சந்திக்கும் வேளையில் இருக்கிறது. முழுமையாகப் பாலூட்டி, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால் ஆறு மாதம் வரை இயற்கைப் பாதுகாப்பு உண்டு. அதன்பின், மாதவிலக்கு திரும்புமுன்பே கருவுறக்கூடும் என்பதைப் பல குடும்பங்கள் அறியா. குழந்தையின் தடுப்பூசிக்காகத் தாய் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும், பின்னர் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் வருகிறாள். பதினான்காம் வாரத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் நடுவேதான் அந்தப் பாதுகாப்பு முடிந்துபோகிறது. ஆகவே பதினான்காம் வார வருகையிலேயே தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்து, அடுத்த குழந்தை எப்போது வேண்டும், அதுவரை எந்த முறை என்று அவளைக் கேட்டு எழுதலாம். இதற்குப் புதிய ஊழியரோ கட்டடமோ தேவையில்லை.