இல்லத்தில் இருபொழுது வழிபாடு
(திருக்குடமுழுக்கு நிறைவு நாளில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவருள் துணையால் நம் கோயிலின் திருக்குடமுழுக்கு இனிது நிறைவேறியது. யாகசாலைக் கலசநீர் விமானத்தின்மீது சொரிந்தபோது கைகூப்பாதார் ஒருவரும் இலர். நாளை பந்தல் பிரிக்கப்பெறும். வெளியூர் அன்பர்கள் விடைபெறுவர். தீர்த்தமும் திருநீறும் அன்றி, நம் வீட்டுக்கு நாம் எதனை எடுத்துச் செல்லப் போகின்றோம்? இவ்வினாவையே உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இவ்வினா எனக்குள் எழுந்த வரலாற்றைச் சொல்ல நாணுகின்றேன். எனினும் சொல்லுதலே முறை. திருப்பணி தொடங்கிய நாள்முதல் அடியேன் பொருள் நாடி ஊர் ஊராக அலைந்தேன். விடியுமுன் புறப்படுவேன், ஊர் உறங்கியபின் திரும்புவேன். ஒருநாள் மட்டும் பொழுதோடு வீடு வந்து, திண்ணையில் கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் பேத்தி அருகில் வந்து, "தாத்தா, கோயிலில் புதிதாக எத்தனை விளக்கு வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். பெருமையோடு எண்ணிக்கையைச் சொன்னேன். "நம் வீட்டு விளக்கை இனி யார் ஏற்றுவார்கள்? பாட்டிதானே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்?" என்றாள்.

என் மனைவி மறைந்து அப்போது எட்டுத் திங்கள் ஆகியிருந்தது. பூசையறை விளக்கில் எண்ணெய் பிசுக்கேறிக் கிடந்தது. தொண்டுக்காக அலைகின்றேன் என்று நான் எண்ணியிருந்தேன். இருண்ட வீட்டுக்கு அஞ்சியே அலைந்தேன் என்பது அன்றுதான் புலனாயிற்று. குழந்தையும் நானுமாகப் புளியிட்டு விளக்கைத் துலக்கினோம், திரியிட்டு ஏற்றினோம். துயரம் அகன்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். அத்துயரத்தோடு வீட்டுக்குள் அமர்ந்திருக்க அன்று முதல் இயன்றது.

பெரியபுராணம் போற்றும் நமிநந்தியடிகளை நினைமின். திருவாரூர் அறநெறியில் எண்ணெய் கிடையாதபோது, திருவருளால் குளத்து நீரையே வார்த்து விளக்கெரித்தவர் அவர். அத்தகைய பெரியார் கோயில் தொண்டோடு அமைந்தாரோ? இல்லை. இரவில் தம் ஊராகிய ஏமப்பேறூருக்குத் திரும்பி, மனையிலும் பூசை முடித்தே துயில்வார். ஒருகால் திருமணலி விழாவுக்குச் சென்று வந்தவர், எல்லாரோடும் கலந்தமையால் தூய்மை வேண்டும் என்று எண்ணி, உள்ளே புகாது வாயிலிலேயே படுத்துவிட்டார். மனைவியார் வந்து, பூசையை முடித்துத் துயில்க என்று நினைவூட்டினார். நீர் கொணருமாறு அவரிடம் சொல்லிக் காத்திருந்தபோது, ஆரூரில் பிறந்தார் எல்லாரும் தம் கணங்களே என இறைவன் கனவில் உணர்த்தினான். அடிகள் எழுந்து, இருந்தவாறே உட்சென்று பூசை புரிந்தார். மனை வழிபாட்டை நினைவூட்ட அவருக்கு மனைவியார் இருந்தார். எனக்கு ஒரு குழந்தை வாய்த்தாள்.

கோயிலில் திருவனந்தல் முதல் அர்த்தசாமம் வரை காலந்தோறும் பூசை நிகழ்கின்றது. இல்லறத்தார்க்கு அத்தனையும் இயலா. காலையும் மாலையுமாகிய இரண்டு சந்திகள் போதும்.

காலையில் எழுந்தவுடன் கைப்பேசியைத் தேடாதீர்கள். வாசல் தெளித்து, அரிசி மாவினால் கோலம் இடுமின்; எறும்புக்கு இரையிடும் அறமும் அதனுள் அடங்கும். நீராடித் திருநீறணிந்து, ஐந்தெழுத்தை எண்ணி, ஒரு பதிகத்தை வாய்விட்டு ஓதுமின். விரையாமல் ஓதும்போது மூச்சு நிதானப்படும். மூச்சு நிதானப்பட்டால் மனமும் அடங்கும். பத்து நிமிடமே ஆயினும், அன்றைய நாளின் பரபரப்பு நம்மைத் தொடுவதற்குமுன் நாம் இறைவனைத் தொட்டுவிடுகின்றோம்.

மாலை விளக்கு நம் முன்னோர் வழிவழி வளர்த்த வழக்கம். மழைமூட்டத்தால் பொழுது தெரியாத நாளில், மலரும் அரும்பின் மணத்தாலே மாலையை அறிந்து, மகளிர் விளக்கேற்றி, நெல்லும் பூவும் தூவித் தொழுத செய்தியைச் சங்கநூலாகிய நெடுநல்வாடையிற் காண்கின்றோம். வீட்டில் உள்ளோர் யாவரும் விளக்கின்முன் சற்றே அமர்க. அப்போது வரவுசெலவுப் பேச்சு வேண்டா. பிள்ளைகளைக் கடிந்துரைத்தலும் வேண்டா. பகலில் பிணங்கியவர்களும் அருகருகே அமர்ந்து ஒரே பாடலைப் பாடினால், அப்பிணக்கு மறுநாள்வரை நீள்வது அரிது.

குத்துவிளக்கு வேண்டும், வெள்ளிப் பாத்திரம் வேண்டும் என்று எண்ணி மலையற்க. ஓர் அகலும் சிறிது நல்லெண்ணெயும் அமையும். பணிக்குச் செல்வோர் தத்தமக்கு இயன்ற பொழுதை வகுத்துக்கொள்க. ஆனால் வகுத்த பொழுதை விடற்க.

நம் இறைவன் திருமேனியைப் பீடத்தோடு பிணிக்க அட்டபந்தன மருந்து சாத்தியதைக் கண்டீர்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை மீண்டும் மீண்டும் இடித்த பின்னரே அது பதம் பெற்றது. ஒரே அடியில் மருந்து ஆகாது. ஒரே நாள் வழிபாட்டில் மனமும் நிலைபெறாது.

இனி 48 நாள் மண்டல பூசை நடைபெறும். அந்நாள் முழுதும் உங்கள் இல்லங்களிலும் இருபொழுது விளக்கு எரிவதாக. திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் வாரி வழங்கிய உங்களிடம் அடியேன் இறுதியாக வேண்டும் நன்கொடை இதுவே. இன்று மாலை வீடு சென்றதும் தொடங்குங்கள்.

திருச்சிற்றம்பலம்.