கிடைத்த வேலையைப் பிடிப்போம், உரிமையை விடமாட்டோம்

(பெங்களூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலை மூடியும், கம்பெனி ஆள்குறைத்தும் வேலை இழந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்தில் பல இருக்கின்றன. "இருபது வருஷம் மெஷின் ஓட்டியவன், இனி யார் வீட்டு கேட்டையோ திறந்துவிட்டுக் கொண்டு நிற்பதா?" என்று போன மாதம் ஒரு தோழர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறோம். அதற்கு எங்களுக்குத் தகுதி உண்டு. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள்.

1880-களில் வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, வடஆற்காடு, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து எங்கள் முன்னோர்கள் போனார்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில், பாறை வெடிக்கும் பயத்தோடு தங்கம் எடுத்தார்கள். பிள்ளையும் பேரனும் அதே கூண்டில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது.

அதன்பிறகு எங்கள் பிழைப்பு, மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் பெங்களூர் ரயிலை நம்பியதாயிற்று. கட்டடங்களில் கம்பி கட்டினோம். செக்யூரிட்டி உடுப்பு மாட்டினோம். எங்கள் வீட்டுப் பெண்கள் கார்மெண்ட்ஸுக்குப் போனார்கள். முதலில் வெட்கப்பட்டோம். உடுப்பைப் பையில் மறைத்து எடுத்துப்போய், வேலை இடத்தில் மாற்றிக்கொண்டவர்கள் எங்களில் உண்டு.

தோழர்களே, அந்த வெட்கத்தால் வந்த நட்டத்தைக் கேளுங்கள். "இது நம் வேலையா? சுரங்கம் திறக்கும்வரைதானே!" என்று நினைத்தோம். ஆகவே வேலைக்குச் சேர்ந்ததற்குச் சீட்டுக் கேட்கவில்லை. பி.எஃப். கட்டுகிறார்களா என்று பார்க்கவில்லை. சங்கத்தில் சேரவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று நினைத்த வேலையிலேயே பதினைந்து ஆண்டு ஓடிப்போயிற்று! எங்கள் சம்பளத்தில் பி.எஃப். என்று பிடித்த ஒரு காண்டிராக்டர், அதைக் கட்டவே இல்லை. கேட்கப் போனபோது ஆளும் இல்லை, எங்கள் கையில் சீட்டும் இல்லை.

கேட்டில் நிற்பது இழிவல்ல, தோழர்களே. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும். கிடைத்த வேலையைப் பிடியுங்கள். ஆனால் பிடித்த நாளிலிருந்தே அதை உங்கள் வேலை என்று எண்ணுங்கள். அப்படி எண்ணுகிறவன்தான் உரிமை கேட்பான்.

இதைச் செய்து காட்டியவர்கள் பெண்கள். பி.எஃப்.பில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த ஏப்ரலில் பெங்களூர் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கினார்கள். இரண்டே நாளில், ஏப்ரல் 19 அன்று, அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. சின்ன வேலைக்காரர்கள் என்று யாரைச் சொல்கிறார்களோ, அவர்கள்தாம் டில்லியைப் பணிய வைத்தவர்கள்!

ஆகவே நான்கு காரியங்களை மறவாதீர்கள்.

ஒன்று: பழைய இடத்தில் வரவேண்டிய பாக்கியை விடாதீர்கள். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. புது வேலைக்குப் போய்விட்டதால் அது போய்விடாது.

இரண்டு: 2014 முதல் பி.எஃப்.புக்கு ஆளுக்கு ஒரே எண். புது இடத்தில் அதையே கொடுத்து, கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். அவசரப்பட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால், அந்த ஆண்டுகள் கணக்கில் சேராது.

மூன்று: மாதாமாதம் சம்பளச் சீட்டு வாங்குங்கள். காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கும் கம்பெனியே தரவேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. ஆனால் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி உங்கள் கையில் இருக்கவேண்டும்.

நான்கு: பக்கத்தில் வேலை செய்கிறவர் கன்னடரா, தெலுங்கரா, பீகாரியா என்று பார்க்காதீர்கள். அவருக்கும் அதே சம்பளம், அதே காண்டிராக்டர். சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி கேட்ட தோழருக்குச் சொல்கிறோம்: அந்த வேலைக்குப் போங்கள். உடுப்பை மறைக்காமல் போட்டுக்கொண்டு வீதியில் நடங்கள். முதல் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.