எழுத்தறியாத் தாயும் பிள்ளையின் பாடமும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். இனி எல்லாம் ஆசிரியர் பாடு என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமன்று. தொடக்கப் பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றிய நான் கண்டது வேறு. ‘எனக்கு எழுத்து வாசனையே கிடையாது, பிள்ளையின் படிப்பில் நான் என்ன செய்ய முடியும்?’ என்னும் கூச்சமே அவர்களுள் பலரை விலகி நிற்கச் செய்கிறது. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் வகுப்பறையில் நிகழ்வதைப் பார்ப்போம். தமிழ் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 எழுத்துகளும் உயிர்மெய். எண்ணிக்கை அச்சுறுத்தினாலும், மெய்யும் உயிரும் கூடுகிற முறை பிடிபட்டுவிட்டால் பெரும்பகுதி எளிதில் விளங்கிவிடும். இடர்ப்பாடு அடுத்த படியில்தான் எழுகிறது. குழந்தை ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்கும்போது, வரியின் இறுதிக்கு வருவதற்குள் முதற்சொல் மறந்துபோகிறது. எழுத்தை அடையாளங் காண்பதிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால் பொருள் மனத்தில் நிற்பதில்லை. சொல்லைக் கண்டதும் படிக்கும் பழக்கம் வந்த பிறகே, மனம் பொருளை நாடும். அப்பழக்கம், நாள்தோறும் வாய்விட்டுப் படிப்பதனாலேயே வலுப்பெறும்.

இதற்கு வகுப்பறையில் நேரம் எவ்வளவு? தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று கொள்வோம். ஆசிரியர் வேறொன்றும் செய்யாமல், ஒவ்வொருவராகப் படிக்கச் சொல்லிக் கேட்டாலும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 80 விநாடிகளே! வீட்டில் பத்து நிமிடம் கிடைக்குமானால், அது ஏழு மடங்குக்கும் மேலல்லவா?

அந்தப் பத்து நிமிடத்திற்கு வேண்டியது படித்த தாய் அன்று, கேட்கும் தாய். தாய் என்று நான் கூறுவது தந்தைக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பொருந்தும். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். பூத் தொடுத்துக்கொண்டே கேட்கலாம். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? தமிழ் தெரியும். பிள்ளை படிப்பது பொருளோடு வருகிறதா, வெறும் ஓசையாக வருகிறதா என்பதை அவள் செவி காட்டிக் கொடுத்துவிடும். படித்து முடித்ததும், ‘அந்த நரி ஏன் அப்படிச் செய்தது?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விடை வந்தால் பிள்ளை பொருளறிந்து படித்தது என்று கொள்ளலாம். வராவிட்டால், ‘இன்னொரு முறை படி, கேட்போம்’ என்று அன்போடு சொல்லலாம்.

கணக்கும் அப்படியே. 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும் குழந்தைகள் உண்டு. இரண்டில் ஏழு போகாது; ஆகவே ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று நாம் சொல்லிக் கொடுக்கும் வாய்பாடு அவர்கள் மனத்தில் ஒட்டுவதில்லை. வீட்டில் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் பிள்ளையிடம் கொடுத்து, ‘இதில் 17 ரூபாய் எனக்குக் கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்த் தாள் ஒன்றைச் சில்லறையாக மாற்றினாலன்றிக் கொடுக்க இயலாது என்பது உடனே விளங்கும். கையில் எஞ்சுவது 35 என்பதும் கண்ணெதிரே தெரியும். நாள்தோறும் சில்லறை எண்ணுகிற தாய், தன்னை அறியாமலே கணக்கு ஆசிரியையாக இருக்கிறாள்.

இனி, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். குழந்தை ‘கெணறு’ என்றும் ‘எல’ என்றும் எழுதுகிறது. வீட்டில் கேட்ட ஒலியை அது உண்மையாகவே எழுத்தில் வடித்திருக்கிறது. அங்கே சிவப்பு மையால் கோடிட்டுவிட்டு நின்றுவிட்டால், தன் வீட்டுப் பேச்சே பிழை என்று அது எண்ணிக்கொள்ளும்; தாயின் வாயும் அடைபட்டுப் போகும். ‘நாம் பேசுவது அப்படி, புத்தகத்தில் எழுதுவது கிணறு, இலை’ என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதே முறை. அவ்வாறே, வீட்டுப் பாடம் என்ற பெயரில் பெற்றோரால் செய்ய இயலாதவற்றை அனுப்பி அவர்களை நாண வைப்பதும் தகாது. கதை கேட்டு வா, பாட்டியிடம் ஊர்ப் பெயரின் காரணம் கேட்டு வா என்று அனுப்பினால், அந்த வீடு மகிழ்ந்து பங்கு கொள்ளும்.

பள்ளிக்கு ஊர் தோள் கொடுப்பது நமக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டு முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைத் தாமே முன்வந்து வழங்கினார்கள். நோய்த்தொற்றினால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்ட பின், 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்கள்.

நான் முன்னர்க் குறிப்பிட்ட சட்டம் பெற்றோருக்குப் பள்ளிக்குள்ளேயே ஓர் இருக்கையும் தந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். அங்கே சுற்றுச் சுவரையும் குடிநீரையும் பற்றிப் பேசுவது தேவையே. அதனோடு, ‘எங்கள் பிள்ளைகள் இப்போது எந்தப் பாடத்தைத் தடையின்றிப் படிக்கிறார்கள்?’ என்னும் கேள்வியும் எழ வேண்டும். அதைக் கேட்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.

மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் படிக்கத் தடுமாறும் குழந்தைக்கு அறிவியலும் வரலாறும் கணக்கும் ஒருசேரக் கதவடைக்கின்றன. அது அழுவதில்லை, முறையிடுவதில்லை, கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நல்ல பிள்ளை என்று நாமும் விட்டுவிடுகிறோம். அந்த அமைதியை வீட்டில் உள்ளவர்களே முதலில் கண்டுகொள்ள முடியும். ஆகவே, தாய்மார்களே, தந்தைமார்களே! இன்று மாலை உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, ‘ஒரு பக்கம் படித்துக் காட்டு, கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள்.