கடவுள் கருணையும் மனித நியாயமும்



கடவுள் கருணையே உருவானவர், நீதியே வடிவானவர் என்று மதக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். இவ்விரண்டும் ஒன்றுதானா என்று நந்தனார் கதையை வைத்தே நாம் சற்று யோசித்துப் பார்ப்போம்.

பெரியபுராணத்தின்படி, தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்ட நந்தனார் திருப்புன்கூரில் வெளியே நின்று தரிசிப்பதற்காக நந்தி விலகிற்றாம். கல் மாட்டை நகர்த்தத் தெரிந்த கடவுளுக்கு, "உள்ளே வா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமற் போனதேன்? சிதம்பரத்திலோ, நெருப்பில் மூழ்கிப் பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் அவர் உள்ளே போக முடிந்ததாம். தடுத்தவனைக் கேட்பாரில்லை, தடுக்கப்பட்டவர்தான் தீயில் இறங்க வேண்டும்! நந்தனாருக்குக் கருணை கிடைத்தது. அவர் பிறந்த சேரிக்கு நியாயம் கிடைத்ததா?

கருணை கொடுப்பவன் இஷ்டம். ஒருவனுக்குக் கொடுத்து, ஆயிரம் பேருக்கு இல்லையென்று சொல்லிவிடலாம். நியாயமோ கேட்பவன் உரிமை. 1924-ல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமை கேட்டு ஜனங்கள் சிறை சென்றார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அச்சட்டம் யாரையும் நெருப்பில் மூழ்கி வரச் சொல்லவில்லை.

இரக்கம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது நல்லதே. ஆனால், அவன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு அதிலேயே ஒரு பிடி போடுவது கருணையாகுமா? பறித்ததை முதலில் திருப்பிக் கொடுக்கட்டும்; இரக்கத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.