விழும் தாள் கற்பிக்கும் பாடம்

கனமான பொருளே விரைந்து விழும் என்ற தவறான எண்ணம் குழந்தைகள் மனத்தில் எளிதில் வேரூன்றிவிடுகிறது. அதனைச் சொல்லால் களைவது அரிது. செய்து பார்த்தால் அகலும்.

ஒரே ஏட்டின் இரு தாள்களில் ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் ஒருசேரக் கீழே விடச் செய்யலாம். உருண்டை முந்தும். எடை மாறவில்லையே, வேகம் மாறியது ஏன் என்று குழந்தையே வினவும். விரிந்த தாளைத் தடுப்பது காற்று. அவ்வுருண்டையையும் ஒரு கல்லையும் தோள் உயரத்திலிருந்து விட்டால், ஏறக்குறைய ஒன்றாகவே தரையை அடையும். புவியீர்ப்பின் இயல்பு இவ்வாறு விளங்கும்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 2002 வரை நடைபெற்ற அறிவியல் கல்வித் திட்டம் இத்தகைய செய்முறைக் கல்வியையே கைக்கொண்டது. தேர்விலும் சோதனைகள் இடம்பெற்றன.

இதற்குக் கருவிச் செலவு இல்லை. சோதனைக்கெனப் பாடவேளையை ஒதுக்குவது அலுவலர் கடமை. விடையை முந்திக் கூறாதிருப்பது ஆசிரியர் கடமை.